பதினாலு நாள் துடக்கு

எனக்குப் பதினாலு வரை எண்ணத் தெரியும் என்று நாற்பத்தாறு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். வன்னிக்குப் போய்வந்த பிறகு அதிலும் சந்தேகம் வந்துவிட்டது.

நான் நர்ஸ். ஊர் திருச்சி. வேலை வளைகுடா நாடொன்றில், பாலைவனத்தை ஒட்டிய சின்ன ஆஸ்பத்திரியில். அங்கே ஆறு வருடமாக என் அறைத்தோழி சுபா, முல்லைத்தீவுக்காரி, அவளும் நர்ஸ். நான் விடுமுறைக்குக் கிளம்பிய வியாழக்கிழமை மாலை எனக்கு டியூட்டி இருந்தது. "நீங்கள் போங்கோ அக்கா, நான் பார்க்கிறன்" என்று சுபா அதை வாங்கிக்கொண்டாள். அவளுக்குச் சனிக்கிழமைதான் விமானம்.

அன்று மாலை ஆடு மேய்க்கிற ஒருவரைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். காய்ச்சல், வாந்தி, ஈறில் ரத்தம். கூட வந்த முதலாளி, கெட்டுப்போன மீனைத் தின்றுவிட்டான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ரத்தம் எடுக்கும்போது நோயாளி உதறியதில் ஊசி சுபாவின் விரலில் ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை அவர் இறந்தார். உடம்பைத் துடைத்து அனுப்பியதும் சுபாதான். அடுத்த செவ்வாய்க்கிழமை பரிசோதனை முடிவு வந்தது. ஆடுமாடுகளின் உண்ணியிலிருந்து மனிதருக்கு வரும் ரத்தக்கசிவுக் காய்ச்சல். நோயாளியின் ரத்தம் பட்டால் பார்த்துக்கொண்டவருக்கும் வரும். ஆளைக் கொல்லும். மனிதர் ஆடு அறுத்ததையும், உண்ணி கடித்ததையும் முதலாளி மறைத்திருக்கிறார்.

பதினாலு நாள் தனியாக இரு, காலையும் மாலையும் காய்ச்சல் பார், வந்தால் உடனே அங்குள்ள ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல் என்று சுபாவுக்கு மெயில் போயிற்று. அவள் எனக்கு அனுப்பிய குரல்செய்தியில் சிரிப்புத்தான் பாதி. "ஒருத்தருக்கும் சொல்லப் போறதில்லை அக்கா. வாற புதன் குடிபூரல். ஊருக்குத் தெரிஞ்சால் வீட்டு வாசலை ஒருத்தரும் மிதிக்கமாட்டினம்." குடிபூரல் என்றால் புதுவீடு புகுதல். எட்டு வருடச் சம்பளத்தில் கட்டிய வீடு.

"ஒரு போன் போட்டுச் சொன்னால் போதாதா?" என்றார் என் வீட்டுக்காரர். போனில் நெற்றியைத் தொட்டுப் பார்க்க முடியாது. அதோடு, அந்த ஊசி என் விரலுக்கு வரவேண்டிய ஊசி. அதை அவரிடம் சொல்லவில்லை. தெர்மாமீட்டரையும் இரண்டு பெட்டி கையுறையையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கொழும்பில் இறங்கி முல்லைத்தீவுக்குப் போகும் வழியில், வியாழக்கிழமை ஓமந்தையில் பஸ் படுத்துவிட்டது. ஓட்டுநர் இறங்கி, எஞ்சினைப் பார்த்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது இண்டைக்கு எழும்பாது" என்றார். நம்மூரில் என்றால் இந்நேரம் நாலு பேர் கண்டக்டரின் சட்டையைப் பிடித்திருப்பார்கள். இங்கே எல்லோரும் ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல இறங்கி மர நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். எதிரே கடையில் பாணும் பருப்புக்கறியும் தேங்காய்ச் சம்பலும் கிடைத்தன. பாண் என்பது நம்முடைய பிரெட்தான். நம்மூரில் காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பதை இங்கே பசித்தவனுக்குக் கொடுக்கிறார்கள். சம்பல் காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் இன்னொரு தடவை வாங்கினேன்.

முல்லைத்தீவுக்குப் போகும் குட்டி லாரி ஒன்றில் இடம் கிடைத்தது. நம்மூர்க் குட்டியானை, இங்கே பட்டா என்கிறார்கள். ஓட்டியவர் மஜீத். "நானா எண்டு கூப்பிடுங்கோ" என்றார். இங்கே முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்களாம். சின்ன வயதில் குடும்பத்தோடு முல்லைத்தீவை விட்டுப் போய்ப் புத்தளத்தில் வளர்ந்தவர். இப்போது திரும்பிவந்து வியாபாரம். என்ன வியாபாரம் என்று கேட்குமுன் என் பிடரிக்குப் பின்னால் ஒன்று கனைத்தது. திரும்பிப் பார்த்தேன். ஆறு ஆடுகள்.

வண்டியை நிறுத்தச் சொன்னேன். இந்த ஊர் ஆட்டுக்கு அந்த வியாதி கிடையாது என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் புத்தி ஒரு பக்கம் இருக்கும், கை ஒரு பக்கம் போகும். கையுறையை மாட்டிக்கொண்டு ஆறு ஆடுகளின் காதையும் புரட்டிப் பார்த்தேன்.

"வாங்கப் போறீங்களோ?" என்றார் மஜீத் நானா.

"இல்ல. உண்ணி இருக்கான்னு பார்க்கிறேன்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் குளிக்காட்டியும் ஆட்டைக் குளிப்பாட்டுறனான்." பிறகு யோசித்து, "நீங்கள் மாட்டு டொக்டரோ?" என்றார். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். முல்லைத்தீவு வரை அவருடைய ஆடுகளின் வயிற்றுப்போக்கு வரலாற்றைக் கேட்டுக்கொண்டு வரவேண்டியதாயிற்று. வன்னியில் நான் சொன்ன முதல் பொய் அது.

சுபாவின் வீடு வற்றாப்பளை அம்மன் கோயிலைத் தாண்டி, கடல்நீரேரிப் பக்கம். வேலியைத் திறந்தால் இரண்டு வீடுகள். ஒன்று தகரம் போட்ட பழைய வீடு, ஓர் அறையும் குசினி என்கிற அடுப்படியும். பக்கத்திலேயே புதுவீடு, பச்சைப் பெயின்ட், பூட்டிக் கிடந்தது. சுபாவும் அவளுடைய அம்மாவும் தகர வீட்டில் ஒரே அறையில் ஒரே பாயில் படுக்கிறார்கள்.

சுபா ஓடிவந்து கட்டிக்கொள்ளப் பார்த்தாள். நான் ஓர் அடி பின்வாங்கினேன். அவள் முகம் வாடியதைப் பார்த்து எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது. காய்ச்சல் வராதவரை தொற்றாது என்று புத்தகத்தில் படித்தவள்தானே நான். இழுத்து அணைத்துக்கொண்டேன். அணைத்தபடியே கழுத்துச் சூட்டையும் பார்த்துவிட்டேன்.

"புதுவீட்டில போய்த் தனியாப் படு" என்றேன்.

"குடிபூராத வீட்டில ஆரும் படுப்பினமோ? பால் காய்ச்சாமல் உள்ளுக்க காலே வைக்கேலாது."

"அப்ப அம்மா தட்டில சாப்பிடாத."

"ஏனெண்டு அம்மா கேட்டால்?"

உண்மையைச் சொல்லு என்றேன். அவள் என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தாள். யாரிடமும் வாயைத் திறக்க மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். சொல்ல வைக்க வந்தவள், வந்த முதல் நாளே சொல்லாமலிருக்கச் சத்தியம் செய்து கொடுத்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்த கதை.

அங்கேயே எண்ணிக்கைச் சண்டையும் தொடங்கியது. ஊசி ஏறியது வியாழன், அதனால் இன்றைக்கு ஏழாம் நாள் என்றேன் நான். ஆஸ்பத்திரி கடிதத்தில் வெள்ளியிலிருந்து எண்ணியிருக்கிறது, அதனால் ஆறாம் நாள் என்றாள் சுபா. புதன் குடிபூரல் எனக்குப் பதின்மூன்றாம் நாள், அவளுக்குப் பன்னிரண்டு. எப்படிப் பார்த்தாலும் குடிபூரல் பதினாலுக்குள்தான் வந்தது. சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும், நீரேரி இறால் பொரியலும். இறால் அவ்வளவு ருசி. இந்த நேரத்தில் ருசி தெரிகிறதே என்று கூச்சமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கிணற்றடியில் சுபாவின் வாயில் தெர்மாமீட்டரை வைத்திருந்தபோது அம்மா வாளியோடு வந்து நின்றார். அதிகம் பேசாத மனுஷி, ஆனால் கண் கூர்மை.

"நேற்று வந்ததிலயிருந்து பார்க்கிறன். ஏன் பிள்ளை அவளின்ர வாய்க்குள்ள உந்தக் குழாயை வைக்கிறாய்?"

சுபா என்னை முறைத்தாள். உண்மையைச் சொல்ல முடியாது, பொய்யும் வாயில் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒன்றைப் பிடித்தேன். "அங்க இவ பார்த்துக்கிட்ட நோயாளி ஒருத்தர் செத்துட்டாரும்மா. இவதான் உடம்பைத் துடைச்சா. அப்படிச் செஞ்சவங்க பதினாலு நாள் ஒதுங்கி இருக்கணும்னு எங்க ஆஸ்பத்திரியில முறை. தனித் தட்டு, தனிப் பாய். யாரும் தொடக் கூடாது. தீட்டு மாதிரின்னு வெச்சுக்கங்களேன்."

"துடக்கோ?"

"ஆமா. அது மாதிரி."

அம்மாவுக்கு அது போதும். உள்ளே போய்த் தனித் தட்டும் தம்ளரும் எடுத்துவைத்தார். குசினி மூலையில் தனிப் பாய் விரித்தார். ஐயருக்குப் போன் போட்டு, "துடக்கு வந்திட்டுது ஐயா, குடிபூரலைத் தள்ளி வைப்பம்" என்று முடித்துவிட்டார். நான் ஒருநாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்திச் சாதிக்காததை ஒரே சொல் சாதித்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை. சுபா அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. பூட்டிய புதுவீட்டின் படியில் போய் உட்கார்ந்துகொண்டு வேலியையே பார்த்தாள். கிட்டப் போனால் "உங்களை ஆர் வரச் சொன்னது" என்றாள்.

சனிக்கிழமை காலை கண்ணை விழித்தால் வீடு நிறைய ஆட்கள்.

பெரியம்மா ஒரு பானைக் கூழோடு வந்திருந்தார். சித்தப்பா குடும்பம், மாமி, ஒன்றுவிட்ட அக்கா இரண்டு பேர். சுபாவின் பாயில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மா அவள் தலையை மடியில் போட்டுப் பேன் பார்த்தார். எல்லோரும் ஒரே பானையில் அகப்பையை விட்டு ஊற்றிக் குடித்தார்கள். நண்டும் மீனும் பயற்றங்காயும், ஒடியல் என்கிற பனங்கிழங்கு மாவும் போட்ட கூழ். கேள்விப்பட்டிருக்கிறேன், குடித்ததில்லை. அன்றைக்கும் குடிக்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

வேடிக்கை என்னவென்றால், தினமும் உள்ளே வந்து உட்காரும் பக்கத்து வீட்டுக்காரி அன்று வேலிக்கு வெளியேயே நின்று பேசிவிட்டுப் போனாள். தொடக்கூடாத ஆட்களெல்லாம் தொடுகிறார்கள், தொடாத ஆள் வெளியே நிற்கிறாள்.

அம்மாவைக் குசினிக்கு இழுத்துக்கொண்டு போனேன். "ஒதுங்கி இருக்கணும்னு சொன்னேனே. இத்தனை பேர் ஏன் வந்தாங்க?"

அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவை உரித்துக்காரர் பிள்ளை. இவளுக்குத் துடக்கெண்டால் அவைக்கும் துடக்குத்தானே. துடக்குக்காரர் ஒண்டாத்தான் இருப்பினம், ஒண்டாத்தான் சாப்பிடுவினம். பிறத்தியார்தான் கை நனைக்கப்படாது."

எங்கள் பக்கமும் அதுதான் முறை. பங்காளிக்குத் தீட்டு உண்டு, தீட்டுக்காரர் தீட்டு வீட்டில் சாப்பிடலாம். என் மாமனார் செத்தபோது நானே பதினாறு நாள் அப்படி இருந்தவள். ஆஸ்பத்திரிச் சட்டத்தை நினைத்த மண்டைக்குள் இது ஏறவேயில்லை. வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"யார் செத்ததுன்னு கேட்டிருப்பாங்களே?"

"கேட்டினம். இவள் பார்த்த ஆள், ஆடு மேய்க்கிறவர், அந்த ஊரில சொந்தமெண்டு ஒருத்தரும் இல்லையாம் எண்டு சுபா சொன்னதைச் சொன்னன்."

கூழ்ப் பானைப் பக்கமிருந்து பெரியம்மா குரல் கொடுத்தார். "ஒருத்தரும் இல்லாட்டி ஆரேன் துடக்குக் காக்கத்தானே வேணும். எட்டுச் செலவு எப்ப வைக்கிறியள்?" எட்டாம் நாள் படையலாம். அப்போது மூன்றாவதாக ஓர் எண்ணிக்கை தொடங்கியது. செத்த நாளிலிருந்து சித்தப்பா விரல்விட்டார், கேள்விப்பட்ட நாளிலிருந்து மாமி. எனக்கும் சுபாவுக்கும் ஏற்கெனவே ஆளுக்கொரு கணக்கு. முகம் தெரியாத ஒரு மேய்ப்பனுக்காக ஒரு குடும்பமே விரலை மடக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே நின்றுவிட்டது. பாலைவனத்தில் அவரைப் பெட்டியில் வைத்து அனுப்பியபோது ஒருவர்கூட வந்திருக்க மாட்டார்.

ஞாயிறும் திங்களும் இப்படியே போயின. காய்ச்சல் இல்லை. மழை பெய்தது, கொசு அடித்தது, பெரியம்மா தினமும் ஏதாவது சமைத்துக்கொண்டு வந்தார். குத்தரிசிச் சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியும் இரண்டு நாள் சாப்பிட்டேன். ஒவ்வொரு வேளையும் தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தேன். சுபா கோபம் தணிந்து, "பார்த்தீங்களா, ஒண்டும் இல்லை" என்றாள். எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பெரியம்மா சுபாவுக்குக் கோப்பி கொடுத்துவிட்டு, முந்தானையால் அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "பிள்ளைக்கு உடம்பு கொதிக்குது" என்றார்.

நூற்றிரண்டு. கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டெல்லாம் வலி. என் கணக்கில் பன்னிரண்டாம் நாள்.

"டெங்கு" என்றாள் சுபா என்னைப் பார்க்காமல். "இந்த றோட்டில நாலு வீட்டுக்கு டெங்கு. ரெண்டு பனடோல் போட்டால் சரி." இருக்கலாம். முழங்கால் வரை கொசு கடித்த தழும்புதான். ஆனால் அந்தக் காய்ச்சலும் இப்படித்தான் தொடங்கும். இரண்டுக்கும் முதல் நாள் ஒரே முகம். நர்ஸாக இருந்து என்ன பயன், ஒன்றும் விளங்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு, அம்மாவை முன் இருக்கையில் ஏற்றி, ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் இரண்டு தடவை அவள் காதோடு, "சொல்லிரு சுபா" என்றேன். "டெங்கெண்டு வந்தால் சொல்லவே தேவையில்லைத்தானே" என்றாள். "வராட்டி?" என்றேன்.

வார்டில் சேர்த்தார்கள். முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு நர்ஸ் தட்டோடு வந்தாள். பெயர் தர்சினி என்று சட்டையில் இருந்தது. வலது கையில் கையுறை, இடது கை வெறுங்கை. விரல் நுனியில் நரம்பு தட்டுப்பட வேண்டுமென்றால் அப்படித்தான் செய்வோம். நானும் இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் செய்கிறேன். சுபாவும் அந்த வியாழக்கிழமை அப்படித்தான் செய்திருப்பாள்.

"கையைத் தாங்கோ அக்கா. டெங்குக்குப் பார்க்க வேணும்."

சுபா கையை நீட்டவில்லை. என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். கட்டிலின் மறுபக்கம் அம்மா ஃப்ளாஸ்கோடு நின்றார். சத்தியம் செய்து கொடுத்தது ஒரு பக்கம், இந்தப் பெண்ணின் வெறும் விரல் ஒரு பக்கம். கடல் தாண்டி வந்தது இந்த ஒரு வார்த்தைக்காகத்தான். அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தர்சினி ரப்பர் பட்டியை எடுத்துக் குனிந்தாள். சுபா கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பொறுங்கோ மிஸி. என்னைத் தொடாதேங்கோ. நானும் நர்ஸ்தான். முதல் நான் சொல்லுறதைக் கேளுங்கோ."

டியூட்டி மாறும்போது அடுத்த நர்ஸிடம் ஒப்படைப்பது போல, ஒன்றையும் விடாமல் சொன்னாள். எந்த நாள், எத்தனை மணி, எந்த விரல், நோயாளிக்கு என்ன இருந்தது, முடிவு எப்போது வந்தது, யாரிடமும் சொல்லாமல் மறைத்தது. பக்கத்துக் கட்டில்காரியின் சொந்தக்காரப் பெண் பாதிக் கதையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

தர்சினி தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனாள்.

அம்மா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "துடக்கெண்டு சொன்னியே பிள்ளை" என்றார் என்னிடம். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கால்மணி நேரம் யாரும் வரவில்லை. ஓடிவிட்டாள் என்றே நினைத்தேன். ஓடினால் குற்றம் சொல்ல முடியுமா? பிறகு வாசலில் பேச்சுச் சத்தம். டாக்டர் சிங்களத்தில் ஏதோ சொன்னார், அவள் சிங்களத்தில் வெடுக்கென்று பதில் சொன்னாள். என்ன பேசினார்கள் என்பதைப் பிறகு அவளே எங்களுக்குத் தமிழில் சொன்னாள். "உனக்குச் சின்னப் பிள்ளை இருக்கு, நான் எடுக்கிறன் எண்டார். உங்களுக்கு நரம்பு பிடிக்கத் தெரியாது சேர், நாலு தரம் குத்துவீங்கள் எண்டன்."

உள்ளே வந்தவளைப் பார்த்து எனக்கு ஒரு கணம் ஆளே தெரியவில்லை. கொரோனா காலத்து உடுப்பு ஸ்டோரில் பூட்டிக் கிடக்கிறது, சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போய்விட்டார். அதனால் மோட்டார் சைக்கிளுக்குப் போடும் மழைக்கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டு, தலையில் ஹெல்மெட், கண்ணாடியை இறக்கிவிட்டு, இரண்டு கைகளிலும் இரட்டைக் கையுறை. வார்டின் கடைசிக் கட்டில் கிழவி, "ஆர் அது, பொலிசோ?" என்று கேட்டாள். சுபாவுக்கு நூற்றிரண்டு காய்ச்சலிலும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரே குத்தில் எடுத்தாள். இரட்டைக் கையுறையில் நரம்பைத் தேட அவளுக்கு நேரம் பிடித்தது. கண்ணாடிக்குள் வியர்வை வழிந்தது. அவசரப்படவில்லை. ஊசியை மூடியில் சொருகாமல் நேரே பெட்டிக்குள் போட்டாள். அப்புறம்தான் மூச்சு விட்டாள். நானும்தான்.

மாலைக்குள் டெங்கு இருக்கிறது என்று வந்துவிட்டது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். டெங்கு வந்ததற்குச் சாமி கும்பிட்ட ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். டாக்டர், ஒன்று இருந்தால் மற்றது இல்லை என்று அர்த்தமில்லை, ரத்தம் கொழும்புக்குப் போகிறது, முடிவு வர நாலு நாள் என்றார். சுபாவைத் தனி அறையில் போட்டார்கள். எங்களை வீட்டுக்குப் போய் வேலிக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள்.

புதன்கிழமை, குடிபூரல் நடந்திருக்க வேண்டிய நாள். சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்து வேலிக்கு வெளியே நின்றார். ஊர் அவரை பி.எச்.ஐ என்கிறது. கையில் படிவம். திங்கள் தொடக்கம் நோயாளியைத் தொட்டவர், கூடச் சாப்பிட்டவர் யார் யார் என்று கேட்டார். நான் தலையைச் சொறிந்தேன். வந்து போனவர்களில் பாதிப் பேருக்கு எனக்குப் பெயரே தெரியாது.

அம்மா வேலிக்கு உள்ளேயிருந்து சொல்லிக்கொண்டே போனார். "அக்கா ரெண்டு நாளும் வந்தவா, கூடச் சாப்பிட்டவா, செவ்வாய் நெத்தி துடைச்சவா. சுபாவின்ர சித்தப்பா குடும்பம் திங்கள் மத்தியானம், நாலு பேர், நாலு பேரும் கை நனைச்சவை. அவரின்ர மூத்த பெடியன் பிறகு வந்தவன், சாப்பிடேல்லை, வாசல்ல நிண்டு கதைச்சிட்டுப் போனவன். பக்கத்து வீட்டுப் பிள்ளை உரித்தில்லை, உள்ளுக்க வரேல்லை." துடக்கு வீட்டில் யார் உள்ளே, யார் வெளியே, யார் கை நனைத்தது என்பதை ஒரு மனுஷி மறந்துவிட முடியுமா என்ன? மாமி, ஒன்றுவிட்ட அக்காமார் எல்லாம் சேர்த்து ஒன்பது பெயர்.

பி.எச்.ஐ எழுதுவதை நிறுத்திவிட்டார். "கொரோனா நேரம் இந்த லிஸ்டுக்கு நாயா அலைஞ்சனான் அம்மா. ஒருத்தரும் இப்பிடித் தரேல்லை."

"இன்னும் முடியேல்லை. இந்தப் பிள்ளையை எழுதுங்கோ" என்று என்னைக் காட்டினார். "அந்த ஆஸ்பத்திரி மிஸியையும் எழுதுங்கோ. அவவும் இனி எங்கட துடக்குத்தான்."

அம்மா ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் போன் போட்டு உண்மையைச் சொன்னார். எல்லோரும் தங்கக் கம்பிகள் என்று சொல்ல மாட்டேன். சித்தப்பா, "அந்த இந்தியாக்காரியைத் துரத்து" என்று கத்தியது போனுக்கு வெளியே எனக்கே கேட்டது. மாமி போனை வைத்தவர்தான், நான் கிளம்பும்வரை எடுக்கவில்லை. பெரியம்மா மட்டும், "முதலே சொல்லியிருந்தாலும் கூழ் கொண்டந்திருப்பன், தனிச் சட்டியில கொண்டந்திருப்பன்" என்றாராம். ஒன்பது பேரும் வீட்டோடு இருந்தார்கள். காலையும் மாலையும் அம்மாவின் போனுக்குக் காய்ச்சல் கணக்கு வந்தது. நான் ஒரு நோட்டில் எழுதினேன். இப்போது ஆளுக்கு ஒரு முதல் நாள், ஆளுக்கு ஒரு பதினாலாம் நாள். எண்ணுவதை நான் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சுபாவின் ரத்தத் தட்டணுக்கள் இறங்கின. ஈறில் ரத்தம் கசிகிறது என்று போனில் சொன்னார்கள். டெங்குவிலும் கசியும், அதிலும் கசியும். எந்தக் காய்ச்சலுக்குப் பயப்படுவது என்று தெரியாமல் அம்மாவும் நானும் குசினியில் உட்கார்ந்திருந்தோம். அடுப்புப் பற்றவைக்கவில்லை. நான் அவரிடம், அது என்னுடைய டியூட்டி, நான் செய்திருக்க வேண்டியது என்று சொல்லிவிட்டேன். அம்மா அணைந்த அடுப்பின் சாம்பலைக் கிளறினார். பிறகு, "உனக்கு வந்திருந்தால் உன்ர அம்மா இப்பிடி இருந்திருப்பா" என்றார். ஆறுதலா, ஏச்சா என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

சனிக்கிழமை முற்பகல் கொழும்பிலிருந்து முடிவு வந்தது. அந்தக் காய்ச்சல் இல்லை. டெங்கு மட்டும்தான், தட்டணுக்களும் ஏறத் தொடங்கியிருந்தன. ஒன்பது பேரும் வெளியே போகலாம். அம்மா பெரியம்மாவுக்குப் போன் போட ஓடினார். நான் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், தனி அறையின் ஜன்னலுக்கு வெளியே நின்றேன்.

சுபா தலையணையில் சாய்ந்திருந்தாள், முகம் வெளிறிக் கிடந்தது. உள்ளே தர்சினி அட்டையில் எழுதிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு மழைக்கோட்டு இல்லை.

"அப்ப நான் சும்மாதான் சொல்லியிருக்கிறன்" என்றாள் சுபா. "வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலும் இதேதான் வந்திருக்கும். குடிபூரலும் நிண்டு, சொந்தமும் பகைச்சு, உங்களையும் நாலு நாள் பயப்பிடுத்திப் போட்டன்."

தர்சினி எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ அக்கா. ஏழு வருசம் இந்த வேலை செய்யிறன். ரெண்டு தரம் எனக்கு ஊசி குத்தினது. ரெண்டு தரமும் எல்லாம் முடிஞ்ச பிறகுதான் பயந்தனான். வீட்டை போய், பிள்ளையைத் தூக்காமல், குளியலறையில இருந்து பயந்தனான். இந்த முறைதான் முதல் பயந்துபோட்டு, பிறகு ஊசியை எடுத்தனான்."

நான் இருபத்திரண்டு வருடமாக நர்ஸ். எனக்கு ஒரு தடவைகூட யாரும் முன்கூட்டியே பயப்பட அந்த நேரத்தைக் கொடுத்ததில்லை, கொடுக்கலாம் என்றும் எனக்குத் தோன்றியதில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டேன், அடக்க முடியவில்லை. தர்சினி ஜன்னலருகே வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னக்கா, உங்களுக்கும் காய்ச்சலோ?" என்று கேட்டுவிட்டு, ஓர் அடி பின்னால் போய்க் கையுறைப் பெட்டியைத் தேடினாள்.